மூலையிலிருந்தா, நடுவிலிருந்தா? சமையலறைச் சுவருக்கு டைல்ஸ் பிரிப்பு

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில், 1960-களில் கட்டப்பட்டுப் பின்னர் குடும்பத்தாரால் சிறிது சிறிதாக நீட்டிக்கப்பட்ட வீடொன்றில் என் அக்கா வசிக்கிறார். அவருடைய சமையலறைச் சுவருக்கு 200 மி.மீ. சதுர டைல்ஸ் வாங்கியாயிற்று. பசையைக் குழைப்பதற்கு முன் எங்கிருந்து தொடங்குவது என்பதைத் தாளில் கணக்கிட்டுப் பார்த்தோம். சுவரின் நீளம் 2,500 மி.மீ.; டைல்களுக்கிடையே விடும் இடைவெளி 3 மி.மீ.

இடது மூலையில் முழு டைலுடன் தொடங்குவதே வேலையாளுக்கு எளிது. 12 முழு டைல்களுக்குப் பின் வலது மூலையில் 64 மி.மீ. அகலமுள்ள துண்டு விழும். பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் அந்த மூலையில் தூக்குக்குண்டு பிடித்தால், மேலிருந்து கீழே 10 மி.மீ. சாய்வு தெரிகிறது. ஒல்லியான துண்டில் அந்தச் சாய்வு பளிச்சென்று கண்ணில் படும். அகலமான துண்டில் அவ்வளவாகத் தெரியாது. என் வீட்டில் இதைக் கவனிக்காமல் ஒட்டிவிட்டு, இன்றும் அடுப்பருகே நிற்கும்போதெல்லாம் வருந்துகிறேன்.

சுவரின் நடுக்கோட்டில் இரண்டு டைல்களின் இணைப்பு வருமாறு வைத்தால் இருபுறமும் சமமாகும் என்பது உண்மைதான்; ஆனால் ஓரங்களில் ஏறத்தாழ 30 மி.மீ. கீற்றுகளே மிஞ்சும். அவை வெட்டும்போதே உடையக்கூடியவை. அதே நடுக்கோட்டில் ஒரு டைலின் மையம் வருமாறு வைத்தால், 11 முழு டைல்களும் இரு ஓரங்களிலும் 132 மி.மீ. துண்டுகளும் அமைகின்றன. பாதி டைலைவிடப் பெரிய துண்டு என்பதால் இந்தச் சுவருக்கு இதுவே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து.

செங்கல் அடுக்குப் போல் வரிசைக்கு வரிசை பாதி தள்ளி ஒட்ட வேண்டும் என்று அக்கா விரும்பினார். அப்போது கணக்கு மாறிவிடுகிறது. ஏனெனில் ஒரு வரிசையில் 132 மி.மீ. துண்டு வந்தால், அடுத்த வரிசையில் தவிர்க்க நினைத்த அந்த 30 மி.மீ. கீற்றே திரும்ப வந்து நிற்கும். முதல் வரிசையை நடுக்கோட்டிலிருந்து 50 மி.மீ. ஒருபக்கம் ஒதுக்கித் தொடங்கினால், எந்த வரிசையிலும் 80 மி.மீ.-க்குக் குறைந்த துண்டு வராது. இரண்டு ஓரங்களும் சமமாக இருக்காது என்றாலும், வரிசைகள் மாறி மாறி வருவதால் அந்த வேறுபாடு உறுத்தாது.

உயரத்தில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. மேடைக்கும் மேல் அலமாரிக்கும் இடையே 600 மி.மீ. இருக்கிறது, கீழே முழு டைலுடன் தொடங்கி, மூன்றாவது வரிசையில் 6 மி.மீ. வெட்டினால், அந்த வெட்டு அலமாரியின் நிழலில் மறைந்துவிடும். மேடை மட்டமாக இல்லாவிட்டால் அதன் விளிம்பை நம்பாமல், ரசமட்டம் வைத்துக் கட்டிய சட்டத்தின் மீதே முதல் வரிசையை ஏற்ற வேண்டும்.

மூலையிலிருந்து தொடங்குவதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. சுவரின் மறுமுனை குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் மறைந்துபோகும் சமையலறையில், வாசலிலிருந்து தெரியும் மூலைக்கு முழு டைலைக் கொடுப்பதே நியாயம். சிங்குக்கு மேல் ஜன்னல் இருந்தால், சுவரின் நடுவைவிட ஜன்னலின் நடுவையே மையமாகக் கொள்ள வேண்டும்; பாத்திரம் கழுவுபவரின் கண் நாள்தோறும் நிலைப்பது அங்கேதான்.