பூதக்கண்ணாடி இல்லாமல் வந்த ஆக்ஸ்போர்டு அகராதி

1971இல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் காம்பாக்ட் பதிப்பை ஆன்லைனில் ஒரு பழைய புத்தக வியாபாரியிடம் வாங்கினேன். பெரிய அகராதியின் நான்கு பக்கங்களை ஒரே பக்கத்துக்குள் சுருக்கி அச்சடித்து, மொத்தத்தையும் இரண்டு தடித்த தொகுதிகளில் அடக்கியிருக்கிறார்கள். பெட்டியின் மேல்பக்கம் ஒரு குட்டி இழுப்பறை, அதற்குள் பூதக்கண்ணாடி இருக்க வேண்டும். எனக்கு வந்ததில் இழுப்பறை மட்டும்தான் இருந்தது. போன் செய்தால், "செட்டா எப்படி வந்துச்சோ அப்படியே அனுப்பிட்டேன் சார்" என்கிறார்.

சரி, அந்த 'செட்'டையே பார்த்துவிடுவோம் என்று தெருமுனைக் கடையில் ஒரு பூதக்கண்ணாடி வாங்கிவந்து இரண்டாம் தொகுதியைத் திறந்தேன். வினைச்சொல்லுக்கு மட்டும் 154 பிரிவுகள்! சூரியன் மறைவதும் செட், சுண்ணாம்புக் கலவை இறுகுவதும் செட், எலும்பு முறிந்தால் கட்டுவதும் செட். கடைசியில் வரும் 'செட் அப்'புக்கு உட்பிரிவு போட்டே 26 எழுத்தும் தீர்ந்துபோய், மறுபடி இரட்டை எழுத்தில் ஆரம்பித்திருக்கிறார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது, இது ஒரே சொல் இல்லை என்பதுதான். வை, நிறுத்து என்ற பொருளில் வரும் செட், பழைய ஆங்கிலத்தின் 'செட்டன்'. உட்காருவதைக் குறிக்கும் 'சிட்'டுக்கு நெருங்கிய சொந்தம், நம்மிடம் இரு, இருத்து என்று இருக்கிறதே, அந்த மாதிரி. கூட்டம், தொகுதி என்ற பொருளில் வரும் செட்டோ பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனின் 'செக்டா'விலிருந்து வந்தது, மதப்பிரிவைச் சொல்லும் 'செக்ட்' பிறந்த அதே இடம். ஒலி ஒன்றாகிப் போனதில் இரண்டும் பொருளிலும் கலந்துவிட்டன. என் கணக்குப்படி பம்பு செட், செட் தோசை, காலேஜில் ஒன்றாகச் சுற்றிய எங்கள் செட் எல்லாம் லத்தீன் வகையறா. "நமக்கு செட் ஆகாது" என்பதும் சினிமா செட்டும் செட்டன் வகையறா. (தோசையை அகராதியில் தேடாதீர்கள்.)

புதிய சொற்களுக்கு இது உதவாது. 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வந்த முதல் பதிப்பும் 1933இன் பிற்சேர்க்கையும்தான் இதில் இருக்கின்றன. அவசரத்துக்கு அர்த்தம் பார்க்க போன் போதும். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மழைநாள் மத்தியானத்தைக் கழிக்கிற ஆளாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பணம் அனுப்பும் முன் இழுப்பறையைத் திறந்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.