நேப்பியர் கோல்கள்: நான்முகத் தொகுப்பையே வாங்குங்கள்
ஸ்காட்லாந்துக் கணித அறிஞர் ஜான் நேப்பியரின் பெருக்கல் கோல்கள், ஒவ்வோர் இலக்கத்தின் வாய்ப்பாட்டையும் மேலிருந்து கீழாகத் தாங்கியவை; அவற்றை அருகருகே அடுக்கிப் பெருக்கலாம். இவை இரண்டு வடிவங்களில் விற்கப்படுகின்றன. ஒன்று, 0 முதல் 9 வரை இலக்கத்துக்கு ஒன்றாகப் பத்துத் தட்டைப் பட்டைகள். மற்றொன்று, நான்கு பக்கமும் எண் பொறித்த பத்து மரக்கோல்கள். விலை கூடினாலும் இரண்டாவதுதான் பயன்படும். பட்டைத் தொகுப்பில் 3-க்கு ஒரே பட்டை என்பதால் 3,353-ஐ அடுக்கவே முடியாது.

1617-இல், இறந்த ஆண்டில் வெளியான நூலில் அவர் வகுத்ததும் நான்முகக் கோலைத்தான். எதிரெதிர்ப் பக்க எண்களின் கூட்டுத்தொகை 9. 0–9, 1–8, 2–7, 3–6, 4–5 என்ற ஐந்து சோடிகளில் வெவ்வேறான இரண்டை ஒரு கோலுக்கு என எல்லா வகையிலும் சேர்த்தால் சரியாகப் பத்துக் கோல்கள். ஒவ்வோர் இலக்கமும் நான்கு கோல்களில் வந்துவிடுவதால் எந்த நான்கு இலக்க எண்ணையும் அடுக்கலாம். எவ்வளவு சிக்கனமான அமைப்பு! பெட்டியைப் பிரித்ததும் இந்தச் சோடிகளைச் சரிபாருங்கள். ஒரு கோலில் பிழை இருந்தாலும் இந்தக் கணக்கு குலையும்.

3,586 × 7 வேண்டுமா? 3, 5, 8, 6 கோல்களை அடுக்கி ஏழாம் வரிசையைப் பாருங்கள்: 2/1, 3/5, 5/6, 4/2 (சாய்கோட்டுக்கு இடப்பக்கம் பத்துகள், வலப்பக்கம் ஒன்றுகள்). வலமிருந்து சாய்வாகக் கூட்ட வேண்டும், அதாவது ஒரு கோலின் ஒன்றை அதன் வலப்பக்கக் கோலின் பத்தோடு. 2; 6+4=10, 0 போட்டு 1 மீதி; 5+5+1=11, 1 போட்டு 1 மீதி; 1+3+1=5; கடைசியில் 2. விடை 25,102. புதியவர்கள் தவறுவது இந்த மீதியில்தான். 47-ஆல் பெருக்க, நான்காம் வரிசையின் 14,344-ஐ ஓரிடம் இடப்பக்கம் தள்ளி எழுதிக் கூட்டினால் 1,68,542.

சாய்கோடு கட்டத்தின் மேல் வலது மூலையிலிருந்து கீழ் இடது மூலைக்கு இறங்க வேண்டும். திசை மாறி அச்சிட்ட தொகுப்பு எதற்கும் உதவாது. மரம் ஈரத்தில் உப்பும்; கோல்களை அடுக்கும் தட்டில் சிறிது இடைவெளி இல்லையென்றால் மழைக்காலத்தில் கோல்கள் சிக்கிக்கொள்ளும். எண்களை ஒட்டியதைவிடப் பொறித்தது நெடுநாள் உழைக்கும்.

விளக்கத் தாளில் இந்தக் கோல்களையும், நேப்பியரின் இன்னொரு கண்டுபிடிப்பான மடக்கையையும் (logarithm) ஒன்றாகக் குழப்பியிருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். மடக்கை அட்டவணையை அவர் வெளியிட்டது 1614-இல்; கோல்களில் மடக்கையே இல்லை, வெறும் பெருக்கல் வாய்ப்பாடுதான். எடின்பரோ அருகே மெர்கிஸ்டனில் பிறந்த இந்த நிலக்கிழார் 1593-இல் விவிலியத்தின் திருவெளிப்பாட்டுக்கு உரை எழுதியவர். அதே 1617 நூலில் சதுரங்கப் பலகை போன்ற கட்டத்தில் காய்களை நகர்த்தி இரண்டின் அடுக்குகளால் கணக்கிடும் முறையையும் தந்திருக்கிறார். வர்க்கமூலம், கனமூலம் காண்பதற்கான தனித் தகடும் சேர்ந்து வரும் தொகுப்பு கிடைத்தால் அதையே எடுங்கள்.