ஏகாண்டம் என்று சொல்லி வந்த வீணையும், ஒட்டு என்றே சொல்லி வந்த வீணையும்

ஆன்லைனில் நான் வாங்கிய இரண்டு வீணைகளில் முதலாவது மே மாதம் வந்தது. அக்னி நட்சத்திர வெயிலில் நான்கு நாள் லாரியில் கிடந்து, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஓர் அட்டைப்பெட்டியாக இறங்கியது. பிரித்ததும் மெழுகு வாசனை குப்பென்று அடித்தது. எனக்குப் பழகிய வாசனைதான். ஆனால் பெட்டியைத் திறந்தவுடனே அது வந்தால் மெழுகு இளகிவிட்டது என்று அர்த்தம். வீணையில் மெட்டுகளை, அதாவது தந்தியை அழுத்தும் உலோகப் பட்டைகளை, ஆணி அடித்து வைப்பதில்லை, தேன்மெழுகில் கரியைக் கலந்து அதன்மேல்தான் பதிக்கிறார்கள். 24 மெட்டில் ஏழெட்டு சாய்ந்திருந்தன. ஒன்று பாயசத்தில் போட்ட முந்திரி மாதிரி பாதி புதைந்து கிடந்தது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. தபால் ஆபீஸில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், அதில் பாதி பார்சல் கவுண்டரில். சின்ன வயதில் எட்டு வருஷம் வீணை படித்தேன், கல்யாணத்தோடு நின்றுபோனது. ரிட்டயர் ஆனதும் மறுபடி தொடலாம் என்று ஆசை. தஞ்சாவூர் போய்ப் பார்த்து வாங்குவதுதான் முறை, எனக்கும் தெரியும். முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. பெங்களூரில் இருக்கும் மகள், "நீ இருந்த இடத்துல இரும்மா, நான் போனிலயே போட்டுடறேன்" என்றாள். போட்டுவிட்டாள்.

விளம்பரத்தில் இருந்தது: 'ஒரிஜினல் தஞ்சாவூர் ஏகாண்ட வீணை, 29,500 ரூபாய், டெலிவரி இலவசம்.' ஏகாண்டம் என்றால் உருண்டையான குடம், நீளக் கழுத்தான தண்டி, நுனியில் இருக்கும் யாளி முகம் வரை ஒரே பலாமரத்தில் குடைந்து எடுத்தது. மேல்பலகை மட்டும் தனி. அவ்வளவு பெரிய, வெடிப்பில்லாத அடிமரம் கிடைப்பதே பாடு. அதனால்தான் தனித்தனித் துண்டுகளை ஒட்டிச் செய்யும் ஒட்டு வீணையைவிட விலை நன்றாக ஏறும். ஒட்டு வீணைக்கே முப்பதாயிரம் கேட்கிற காலத்தில் ஏகாண்டம் 29,500க்கு எப்படி வரும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசித்தேன். 'ஆஃபர்' என்ற சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் யோசனையை நிறுத்திவிட்டேன், அதுதான் உண்மை.

பக்கத்தில் புவிசார் குறியீட்டுச் சின்னம் வேறு பளபளத்தது. தஞ்சாவூர் வீணைக்கு அந்தக் குறியீடு உண்டு, சரி. ஆனால் அந்தப் படத்தை எடுத்து ஒட்டுவதற்கு யாருக்கும் அரை நிமிஷம் போதும். ஒன்பது போட்டோ போட்டிருந்தார்கள். யாளி முகம் மட்டும் நாலு, பூமாலையோடு சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஒன்று. குடத்தின் அடிப்பக்கம் ஒன்றிலும் இல்லை. அது ஏன் இல்லை என்பது பெட்டியைப் பிரித்த அன்றுதான் புரிந்தது.

வீணையைக் கவிழ்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். காப்பிக் கொட்டை நிறத்தில் கெட்டியாக பாலிஷ். குடமும் தண்டியும் சேரும் இடத்தில் பூவேலை செய்த வெள்ளை பிளாஸ்டிக் பட்டை. அதன் ஓரத்தை நகத்தால் லேசாகத் தூக்கினால் உள்ளே மயிரிழை மாதிரி ஒரு கோடு சுற்றிலும் ஓடுகிறது. குடத்தில் மரத்தின் ரேகை ஒரு பக்கம் போகிறது, தண்டியில் இன்னொரு பக்கம். ஒரே மரமாக இருந்தால் ரேகை ஓடையாட்டம் குடத்திலிருந்து தண்டிக்கு வழிந்து போக வேண்டும். இது அப்பட்டமான ஒட்டு.

ஒட்டு வீணை மட்டம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் படித்தது ஒட்டு வீணையில். நல்ல கையில் செய்த ஒட்டு வீணை பல வருஷம் பேசும். என் கோபம் அந்தப் பொய்க்கு.

விற்றவரிடம் போனில் பேசினால், "வாத்தியம் ரிட்டர்ன் கிடையாது மேடம், மெழுகு உருகுறது உங்க ஊரு வெயிலு" என்றார். உருகியதை விடுங்கள், ஏகாண்டம் எங்கே என்று கேட்டதும் லைன் கட்டாகிவிட்டது. பிறகு என் பழைய ஆபீஸ் புத்தி வேலை செய்தது. 2020-ல் வந்த மின்வணிக விதிகளில், சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று விற்பவர் மறுக்க முடியாது என்று இருக்கிறது. வாங்கிய இணையதளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாருக்கு ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். என்னிடம் இரண்டு சாட்சி இருந்தன. ஒன்று, 'ஏகாண்டம்' என்ற வார்த்தை தெரியும்படி ஆர்டர் போட்ட அன்றே மகள் எடுத்த ஸ்கிரீன்ஷாட். இரண்டு, பெட்டியை டேப் கிழிப்பதிலிருந்து பக்கத்து வீட்டுப் பையன் எடுத்த வீடியோ. இரண்டையும் இணைத்து எழுதினேன். நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்தேன். 23-ஆம் நாள் முழுப் பணமும் வந்தது. திருப்பிக் கட்டி அனுப்பிய செலவு 850 ரூபாய் என் கணக்கில்.

ஏழு மாதம் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இடையில் பழைய வீணை விளம்பரங்களை மேய்ந்ததுண்டு. 'தாத்தா காலத்து வீணை, தந்த வேலைப்பாடு' என்று ஒன்று. வீட்டுக்காரர், "தந்தம்னு போட்டிருக்கான், வாங்கினா வனத்துறைதான் கச்சேரிக்கு வரும்" என்றார். சிரித்தாலும் விஷயம் நிஜம், தந்தத்தை விற்பதும் வாங்குவதும் குற்றம்.

இரண்டாவது வீணை தஞ்சாவூரில் பரம்பரையாக வீணை செய்கிற ஒரு வீட்டிலிருந்து வந்தது. எங்கள் தெருவில் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் கொடுத்த நம்பர். அதே போன், அதே ஆன்லைன். கேட்ட கேள்விகள்தான் வேறு. "பாலிஷ் போடறதுக்கு முன்னாடி காட்டுங்க தம்பி" என்றேன். அவர் வீணையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து கவிழ்த்து, ஒட்டு எங்கே இருக்கிறது என்று தானே விரலை வைத்துக் காட்டினார். "ஒட்டுதாம்மா, பண்ருட்டிப் பலா. ஏகாண்டம் வேணும்னா விலையும் வேற, ஆறு மாசம் காத்திருக்கணும்." ஒட்டு 46,000 என்றார். அந்த நிமிஷமே எனக்குப் பாதி நிம்மதி.

மெட்டு வைத்து முடித்ததும் மறுபடி வீடியோவில் கூப்பிட்டார். சாரணி என்கிற முதல் தந்தியில் முதல் மெட்டிலிருந்து 24 வரை ஒவ்வொன்றாக மீட்டச் சொன்னேன். ராகம் எதுவும் வேண்டாம் என்றேன். அழகாக ஒரு கீர்த்தனை வாசித்துக் காட்டினால் குறை காதில் விழாது. 17-ஆவது மெட்டில் லேசாக இரைந்தது. "கேட்டுடுச்சாம்மா?" என்று சிரித்துவிட்டு, "மெழுகு இன்னும் ஆறலை, நாளைக்குக் கூப்பிடறேன்" என்றார். கூப்பிட்டார். இரைச்சல் இல்லை.

பணத்தில் ஒரு சின்ன உரசல். 15,000 முன்பணத்துக்கு அவர் அனுப்பிய கியூஆர் கோடில் வேறு யாரோ பெயர் வந்தது. மச்சான் பெயராம். உங்கள் பெயரில் இருந்தால்தான் போடுவேன் என்றேன். கொஞ்சம் முகம் வாடிவிட்டது, ஆனால் தன் கணக்கைக் கொடுத்தார். மீதியை 24 மெட்டும் கேட்ட பிறகு போட்டேன்.

பேக்கிங்கில் என் அதிகாரம்தான். 'உடையும் பொருள், கவனம்' என்று சிவப்பு மையில் எழுதினால் போதும் என்று நினைப்பவர்கள் பார்சல் கட்டிடத்துக்குள் ஒரு நாள் நின்றதில்லை. மூட்டைமேல் மூட்டை ஏறுவது வேலையின் இயல்பு, எடையைத் தாங்குவது பெட்டியின் பொறுப்பு. ரீப்பர் கட்டையில் கூண்டு அடிக்கச் சொன்னேன். தந்திகளை இரண்டு மூன்று சுற்று தளர்த்தி, முழுக்கக் கழற்றாமல். கழற்றினால் அழுத்தம் போய், தந்திகளைத் தாங்கும் குதிரை நகர்ந்துவிடும். தந்திக்கும் மெட்டுக்கும் நடுவில் மடித்த வேட்டி. தண்டிக்கு அடியில் மாட்டும் சுரைக்காய் தனிப்பெட்டியில். தை மாதம், இரவு பஸ்ஸில், விடிவதற்குள் திருநெல்வேலி. கூண்டுக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்து 2,400. மெழுகுக்கு வெயிலே படவில்லை. ஆட்டோவில் மடியில் வைக்காத குறையாகக் கொண்டுவந்தேன், அப்போதும் வீடியோ எடுத்தோம்.

இப்போது மூன்று மாதம் ஆகிறது. மூன்று கட்டைச் சுருதியில் சேர்த்தால் மந்தரம், அதாவது கீழ் ஸ்தாயி, கூடத்தைத் தாண்டி அடுக்களை வரை கேட்கிறது. மேல் ஸ்தாயி கொஞ்சம் ஒல்லி, வாசிக்க வாசிக்கத் திறக்கும் என்கிறார் டீச்சர். சாரணியை முறுக்கும் பிருடை முதல் வாரம் வழுக்கியது, சாக்பீஸ் பொடி தடவியதும் நின்றது. யாளியின் நாக்குக்கு அடித்திருக்கும் சிவப்பு லாலிபாப் சிவப்பு. ஏப்ரல் வெயிலில் ஒரு மெட்டு அரை நூல் இறங்கியது. வீடியோவில் அவரே சொல்லிக்கொடுத்து என்னையே சரி செய்ய வைத்தார், காசு கேட்கவில்லை.

அஞ்சுக்கு மார்க் போடுவதென்றால் நாதத்துக்கு நாலு, பேச்சு சுத்தத்துக்கு அஞ்சு. கூட வந்த ரெக்ஸின் உறைக்கு ஒன்றுதான், அதுவும் நிறத்துக்காக. ஒரு மாதத்தில் ஜிப் பிய்ந்துவிட்டது. பழைய பவானி ஜமுக்காளத்தில் நானே ஒன்று தைத்துப் போட்டிருக்கிறேன்.