பல் சிகிச்சை உதவியாளர் பயிற்சி: மட்டக்களப்பு நகர் நிலையமொன்றின் அனுமதி நிபந்தனைகள்

சாதாரண தரப் பெறுபேறு, அடையாள அட்டை, கிராம சேவகர் சான்றிதழ் கேட்கிறார்கள். அதில் குறையில்லை.

குறை தடுப்பூசியில்தான். விண்ணப்பத்தில் ஹெபடைட்டிஸ் பி (இரத்தத்தின் மூலம் தொற்றும் ஈரல் நோய்) தடுப்பூசி பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த ஊசி 0, 1, 6 மாதங்களில் மூன்று தடவை போட வேண்டியது. சேர்ந்த பிறகு தொடங்கினால், மூன்றாவது ஊசிக்கு முன்பே பிள்ளைகள் இரத்தம் பட்ட கருவிகளைக் கழுவ வேண்டிவரும். இதை அனுமதி நிபந்தனையாகவே வைக்க வேண்டும்.

ஆட்டோகிளேவ் (கருவிகளை அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் இயந்திரம்) பாடம் அருமை: 121 பாகையில் 15 நிமிடம், 134இல் 3 நிமிடம். கருவிப் பொதிகளை நெருக்கி அடுக்கினால் நீராவி உள்ளே போகாது என்பதையும் செய்தே காட்டுகிறார்கள்.

காசு கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிலையம் பதிவாகியிருப்பது வேறு, பாடநெறிக்கு அங்கீகாரம் இருப்பது வேறு. இரண்டுக்கும் கடிதம் காட்டச் சொல்லுங்கள்.