கடினமான செய்தியைப் பரிவோடு பேசக் கற்றுத்தரும் பயிற்சி: ஒரு மதிப்பீடு

எங்கள் மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர்களுக்கும் பில்லிங் ஊழியர்களுக்கும் வெளி நிறுவனம் ஒன்று அண்மையில் உரையாடல் பயிற்சி அளித்தது. இத்தகைய சேவையைப் பெற எண்ணும் பிற மருத்துவமனைகளுக்காக இதை எழுதுகிறேன். குறைகளையும் சொல்லவிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

பயிற்றுநர்கள் வகுப்பெடுக்கும் முன்பே வார்டுக்கும் ஓ.பி. பகுதிக்கும் வந்து, எங்கே வாக்குவாதம் எழுகிறது, எந்தக் கேள்வியைக் கேட்டதும் செவிலியர்கள் நகர்ந்துவிடுகிறார்கள் என்பதைக் கவனித்துச் சென்றார்கள். ஆகவே நாங்கள் நடித்துப் பழகிய சூழல்கள் அனைத்தும் எங்கள் அன்றாடத்தில் உள்ளவையாகவே இருந்தன: ஸ்கேன் அறிக்கை வந்த பின்னும் மருத்துவருக்காகக் காத்திருக்கும் நோயாளி, காப்பீட்டு அனுமதி தாமதமாவதால் டிஸ்சார்ஜ் ஆக முடியாமல் மாலைவரை உட்கார்ந்திருக்கும் குடும்பம். ‘பொறுமையாகப் பேசுங்கள்’ என்ற பொது அறிவுரையை அவர்கள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

பாடத்தின் அடிப்படை, மருத்துவர்கள் வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் உள்ளிட்டோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட, கடினமான செய்தியைச் சொல்வதற்கான ‘ஸ்பைக்ஸ்’ என்னும் ஆறு படி முறை. தனிமையான இடத்தில் அமர்வது, நோயாளி ஏற்கெனவே என்ன அறிந்திருக்கிறார் என்று கேட்பது, இன்னும் எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று கேட்பது, எளிய சொற்களில் சிறிது சிறிதாகச் சொல்வது, எழும் உணர்ச்சிக்கு இடங்கொடுப்பது, அடுத்துச் செய்யவேண்டியதைச் சேர்ந்து திட்டமிடுவது என்று அது செல்கிறது. இதில் மூன்றாவது படிதான் நம் வார்டுகளில் சிக்கலானது, ஏனெனில் நோயாளி வாய்திறக்கும் முன்பே மகனோ மகளோ குறுக்கே வந்து, “அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சிஸ்டர்” என்று கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். பயிற்றுநர்கள் இதை அறியாமை என்று ஒதுக்காமல், முதலில் அந்த மகனோடு உட்கார்ந்து அவர் எதற்கு அஞ்சுகிறார் என்று கேட்கவும், பிறகு நோயாளியிடமே, “உங்க உடம்பைப் பத்தின விவரத்தை உங்ககிட்ட சொல்லட்டுமா, வீட்ல யார்கிட்டயாவது பேசட்டுமா?” என்று வினவவும் பழக்கினார்கள். நோயைப் பற்றி முதலில் சொல்வது மருத்துவரின் பொறுப்பே என்றாலும், இரவு டியூட்டியில் ‘எனக்கு என்ன நோய்?’ என்ற நோயாளியின் கேள்வியை எதிர்கொள்வது செவிலியர்தான் என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள். இந்த ஒரு பகுதிக்காகவே கொடுத்த கட்டணம் தகும் என்று கருதுகிறேன்.

குறைகள் இரண்டு. மருத்துவர்கள் எவரும் பயிற்சியில் சேர்க்கப்படவில்லை; செவிலியர் பரிவோடு தொடங்கிய உரையாடலை, ரவுண்ட்ஸில் நின்றபடியே சொல்லப்படும் ஒரு வரி முறித்துவிடக்கூடும். இன்னொன்று, இறுதியில் தந்த படிவம் பயிற்சி பிடித்திருந்ததா என்று மட்டுமே கேட்டது. பயிற்சியின் விளைவை மனநிறைவு, கற்றல், நடத்தை, பலன் என்ற நான்கு நிலைகளில் அளக்கவேண்டும் என்று பயிற்சி மதிப்பீட்டு அறிஞர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959லேயே எழுதத் தொடங்கிவிட்டார். இங்கு முதல் நிலையோடு நின்றுவிட்டார்கள்.

ஒப்பந்தம் செய்பவர்கள், சில மாதங்களுக்குப் பின் பயிற்றுநர்கள் மீண்டும் வார்டுக்கு வந்து ஊழியர்களின் உரையாடலைக் கவனித்துக் கருத்துச் சொல்லவேண்டும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். இரவு ஷிஃப்ட் ஊழியர்களுக்குத் தனி வகுப்பும், அந்த நேரத்துக்குரிய ஊதியமும் நிர்வாகத்தின் திட்டத்தில் இருக்கவேண்டும். விடிய விடிய வேலை பார்த்தவரைக் காலையில் வகுப்பில் உட்காரவைத்துப் பரிவைப் பற்றிப் பேசுவது முறையாகாது.