இரண்டு கடலுக்கு நடுவே ஒரு வண்டி வீடு: மூன்று வருட அனுபவம்

மதுரையில் இருந்து கிளம்பி, ராமநாதபுரம் கடற்கரையில் வண்டியிலேயே சமைத்து வண்டியிலேயே தூங்கப் பழகி மூன்று வருடம் ஆகிறது. வருடத்துக்கு நாலைந்து தடவை போவோம், நானும் மனைவியும். டெம்போ டிராவலரை மாற்றிக் கட்டிய வண்டி. ஒரு கட்டில், ஒற்றை அடுப்பு, 120 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, கூரையில் 400 வாட் சோலார், பின்னால் சின்னக் கழிப்பறை. இப்படி ஒன்று வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: இந்தக் கரைக்கு வாங்கலாம். காரணம் காற்று.

முதல் பயணம் ஜூன் மாதம். புதுமடம் பக்கம் மணல்மேட்டில், கதவைத் திறந்தால் மன்னார் வளைகுடா தெரிகிற மாதிரி நிறுத்தி, வெளிப்பந்தல் துணியையும் விரித்து வைத்தோம். ராத்திரி இரண்டு மணிக்கு வண்டியே ஆடியது. துணி கம்பியோடு பிய்த்துக்கொண்டு போய் உடைமரத்தில் மாட்டிக்கொண்டது. விடிந்து பார்த்தால் சோற்றுப் பானையில், தலையணையில், கட்டில் இடுக்கில் எல்லாம் மணல். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்தார். “கச்சான் அடிக்கிற மாசம் தம்பி. இது ஆம்பளக் கடலு. வண்டிய எடுத்துக்கிட்டு வடகடலுக்குப் போங்க, தண்ணி தட்டுல ஊத்துன மாதிரி கெடக்கும்” என்றார். கச்சான் என்றால் தென்மேற்குக் காற்று.

உச்சிப்புளியில் நெடுஞ்சாலையைத் தாண்டி அரியமானுக்குப் போனோம். அரை மணி நேரப் பாடுதான். சவுக்குத் தோப்புக்கு அப்பால் பாக் விரிகுடா அலையே இல்லாமல் கிடந்தது. இங்கே நிலம் நாக்கு மாதிரி கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. தெற்கே ஒரு கடல், வடக்கே ஒரு கடல். கச்சான் வீசும் மாதங்களில் தென்கடல் பொங்கும். ஐப்பசிக்கு மேல் வாடை பிறந்தால் வடகடல் புரளும், தென்கடல் அடங்கிவிடும். லாட்ஜில் அறை போட்டவர் அறையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, நாங்கள் போகிறோம். அன்றிலிருந்து காற்றைக் கேட்டுவிட்டுத்தான் இடம் பார்க்கிறோம், முதுகைக் காற்றுக்குக் கொடுத்துக் கதவை மறுபக்கம் வைக்கிறோம்.

முகாம் என்று பலகை வைத்த இடங்களை நம்பிக் கிளம்பாதீர்கள். தோப்புக்காரரிடம் கேட்டு, சம்மதம் வாங்கி நிறுத்துவதுதான் வழக்கம். தென்னைக்குக் கீழே நிறுத்தவே கூடாது, ஒரு காய் விழுந்தால் சோலார் பலகை போச்சு. பனைக்குக் கீழே நிழல் ஒல்லி. பொழுது நகர நகர வண்டியையும் நகர்த்த வேண்டும். ஆனால் பனந்தோப்பில் காலையில் இறக்கிய பதநீர் கிடைக்கும். அதற்காகவே எனக்குப் பனந்தோப்புதான்.

தண்ணீர் விஷயத்தில் எங்களை மாற்றியது தங்கச்சிமடம் பக்கத்துத் தோப்பில் இருந்த ஓர் ஆத்தா. மணலில் இடுப்பளவு தோண்டிய ஊத்து. ஆத்தா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சிரட்டையால் மேலாக மோந்து குடத்தில் ஊற்றும். நாலு சிரட்டை மோந்ததும் நிறுத்தி, தண்ணீர் மறுபடி ஊறும்வரை காத்திருக்கும். அவசரப்பட்டு ஆழத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். மழைநீர் உப்புத் தண்ணீர்மேல் மெல்லிசாக மிதக்கிறது, அவ்வளவுதான். என் மனைவி தொட்டிக்கு நாலு குடம் கேட்டாள். ஆத்தா இல்லையென்று சொல்லவில்லை. “மோந்துக்க தாயி, பொழுது இருக்கு” என்று சிரட்டையைக் கையில் கொடுத்தது. ஒரு குடம் நிரம்ப முக்கால் மணி நேரம் ஆனது. மீதி மூன்றைக் கேட்க எங்களுக்கு மனசு வரவில்லை. முன்பு ஒன்றரை நாளில் காலியான தொட்டி இப்போது நாலு நாள் வருகிறது. பாத்திரத்துக்கு முதல் கழுவல் கடல்தண்ணீரில்தான். தொட்டியை ராமநாதபுரத்துக்கு முன்பே நிரப்பிக்கொள்கிறோம். குடிநீருக்குத் தள்ளுவண்டியில் குடம் அடுக்கி நடக்கிற ஊர்களில் போய் நூறு லிட்டர் கேட்பது தப்பு.

அடுத்தது உப்பு. வண்டியைக் கட்டிக் கொடுத்த பட்டறை சாதாரண இரும்பு ஸ்க்ரூ போட்டிருந்தது. எட்டே மாதத்தில் கதவுக் கீல், படிக்கட்டு, பம்ப் ஒயர் முனை எல்லாம் துரு. எல்லாவற்றையும் கடல் உப்பைத் தாங்குகிற 316 ரக எஸ்எஸ்ஸுக்கு (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) மாற்றினேன், கேட்கும்போதே 316 என்று எழுதி வாங்குங்கள். ஊர் திரும்பும் வழியிலேயே அடிப்பாகத்துக்கு நல்ல தண்ணீரில் வாட்டர் சர்வீஸ் கட்டாயம். சோலார் பலகையில் காலையில் உப்பு படலமாக நிற்கும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஏசியை ராத்திரி முழுக்க பேட்டரியில் ஓட்ட எங்களால் முடியவில்லை. கொசுவலை போட்ட இரண்டு ஜன்னலும் ஒரு 12 வோல்ட் ஃபேனும் போதுமாக இருக்கிறது, சித்திரை வைகாசி தவிர.

பாம்பன் சாலைப் பாலத்தில் கச்சான் மாதங்களில் உயரமான வண்டியைக் காற்று பக்கவாட்டில் தள்ளும், ஸ்டியரிங்கை விடாமல் பிடித்து மெதுவாகப் போங்கள். தனுஷ்கோடியில் ராத்திரி தங்க விடமாட்டார்கள். 1964 டிசம்பர் புயலில் ஒரு ரயிலோடு போன ஊர் அது. அந்தக் கட்டுப்பாடு சரிதான். பகலில் அரிச்சல்முனை போய்விட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுங்கள். கழிப்பறைப் பெட்டியை எந்தக் காரணத்துக்காகவும் கரையில் கொட்டாதீர்கள். தெற்கே மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவில் சேர்ந்த 21 தீவுகள், பவளப்பாறைகள். அந்தத் தண்ணீரில்தான் பெண்கள் முங்கிப் பாசி எடுக்கிறார்கள். தோப்புக்காரர் வீட்டுக் கழிப்பறையில் கேட்டு ஊற்றுகிறோம், இல்லையென்றால் மதுரைக்கே மூடி எடுத்து வருகிறோம்.

மார்கழிக்குத் தென்கடல் பக்கம் வேதாளை போகிறோம். ஆத்தாவுக்கு இந்தத் தடவை நாங்கள் நாலு குடம் நல்ல தண்ணீர் கொண்டுபோக வேண்டும்.