நாய் குரைப்பதை நிறுத்தும் அல்ட்ராசோனிக் கருவி: பக்கத்து வீட்டு நாய்க்காக வாங்கினேன், இரண்டு வாரத்தில் கழற்றிவிட்டேன்

ஐந்துக்கு ஒரு நட்சத்திரம். பேட்டரியும் மழை தாங்கும் உறையும் சொன்னபடி இருந்தன, அதற்காக அந்த ஒன்று.

இந்தக் கருவியை வாங்கலாமா என்று தேடுகிற பலருடைய நிலைமையும் என்னுடையது போலத்தான் இருக்கும். நாய் உங்களுடையது இல்லை, பக்கத்து வீட்டுடையது. ராத்திரி பகல் பார்க்காமல் குரைக்கிறது, வேலி ஓரமாகப் போனால் பாய்ந்து வருகிறது, சொந்தக்காரரிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அப்போது யாரோ இப்படி ஒரு பெட்டி இருக்கிறது, மாட்டினால் நாய் தானாக அடங்கிவிடும் என்று சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். அதனால் கருவியைப் பற்றி மட்டும் இல்லாமல் நடந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் நாயைப் பற்றி. பெயர் டைகர். பெரிய உடம்பு, கழுத்தில் இரும்புச் சங்கிலி, சங்கிலியின் மறுமுனை தரையில் அடித்த ஒரு முளையில். இரண்டு எட்டு வைத்தால் சங்கிலி இழுத்துவிடும். அது சுற்றிச் சுற்றி நடந்ததில் முளையைச் சுற்றி வட்டமாகப் புல் செத்து வெறும் மண் தெரியும், அந்த வட்டத்துக்குள்ளேயே சாப்பாடு, தூக்கம், மலஜலம் எல்லாம். வெயில் உச்சிக்கு வந்தால் நிழல் அந்த வட்டத்துக்கு வெளியே போய்விடும். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சங்கிலியே தட்டிக் கவிழ்த்துவிடும், அப்புறம் சாயங்காலம் வரைக்கும் தண்ணீர் இல்லை. குரைத்தால் சொந்தக்காரர் வெளியே வந்து கத்துவார், கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பார். குழாய்த் துண்டால் அடித்ததை நான் கண்ணால் பார்த்தேன். அடி விழுவதற்கு முன்பே அது வயிற்றைத் தரையோடு ஒட்டி வாலைப் பின்னங்காலுக்கு நடுவில் ஒடுக்கிக்கொள்ளும். அவர் உள்ளே போனதும் எழுந்து, முதலில் யார் கண்ணில் படுகிறார்களோ அவர்கள் மேல் பாயும். பெரும்பாலும் அது நான்தான், துணி காயப்போடும் கம்பி அந்த வேலி ஓரம்தான் இருக்கிறது.

எனக்குப் பயம் இருந்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை. அந்தப் பயத்தில்தான் கருவியை வாங்கினேன், நாயைப் பற்றி யோசித்து வாங்கவில்லை.

இப்போது கருவி. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, நடுவில் ஒலிபெருக்கி, கீழே ஒரு மைக், ஒரு சின்ன சிவப்பு விளக்கு. குரைக்கிற சத்தம் மைக்கில் பட்டதும் விளக்கு எரியும், நம் காதுக்குக் கேட்காத உயர்ந்த ஒலி சில நொடிகள் வரும். மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கேட்கும், நாய்க்குச் சுமார் 45,000 வரை கேட்கும். இடைப்பட்ட அலைவரிசையில் ஒலி எழுப்பினால் நாய்க்கு எரிச்சலாக இருக்கும், குரைத்தால் எரிச்சல் வருகிறது என்று புரிந்துகொண்டு நிறுத்திவிடும், இதுதான் கணக்கு. பெட்டியில் 15 மீட்டர் தூரம் எட்டும் என்று போட்டிருந்தது. வேலிக்கம்பத்தில் இரண்டு ஆணி அடித்து மாட்டினேன், பத்து நிமிஷ வேலை.

முதல் நாள் வேலை செய்தது. குரைத்தது, விளக்கு எரிந்தது, டைகர் சட்டென்று வாயை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்துப் பார்த்தது. வாங்கியவர்கள் பலர் ஐந்து நட்சத்திரம் கொடுப்பது இந்த முதல் நாளில்தான் என்று நினைக்கிறேன். இரண்டாம் நாள் பாதி நேரம் நிறுத்தியது. நான்காம் நாள் விளக்கு எரிய எரியக் குரைத்துக்கொண்டே இருந்தது. விட்டுவிட்டு வரும் ஒரு சத்தத்துக்கு எந்தப் பிராணியும் பழகிவிடும். அதுவும் குரைப்பதற்கான காரணம் அப்படியே இருக்கும்போது, தாகமும் வலியும் பயமும் அந்தச் சத்தத்தைவிடப் பெரிதாக இருக்கும்போது, வேறு என்ன நடக்கும்?

இன்னொரு விஷயத்தையும் கருவியை வாங்குவதற்கு முன்பே நான் யோசித்திருக்க வேண்டும். இந்த உயர்ந்த ஒலி காற்றில் சீக்கிரம் கரைந்துவிடும், சுவரையோ பலகையையோ சுற்றி வளைந்து போகாது. எதிரே ஒரு வாளி இருந்தால்கூட அதன் பின்னால் ஒலி குறைந்துவிடும். அப்படியானால் சாதாரண நாய் என்ன செய்யும், எழுந்து தள்ளிப் போய்விடும். டைகரால் போக முடியாது. சங்கிலி நீளம் அவ்வளவுதான்.

எந்தச் சத்தத்துக்கு எரிய வேண்டும் என்பதும் இந்தப் பெட்டிக்குத் தெரியாது, எனக்குப் பெரிய குறை இதுதான். மைக் சத்தத்தின் அளவைப் பார்க்கிறதே தவிர யாருடைய சத்தம் என்று பார்ப்பதில்லை. கதவு அறைந்தால் எரிந்தது. தெருவில் வேறு நாய் குரைத்தால் எரிந்தது. ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, சொந்தக்காரர் கத்திக்கொண்டே வெளியே வந்தார், அவர் குரலுக்கே சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் கை ஓங்குகிறார், நாய் தரையோடு ஒட்டிக் கிடக்கிறது, வாயே திறக்கவில்லை, அந்த நேரத்தில் என் பெட்டி அதன் காதில் கூவிக்கொண்டிருக்கிறது. முன்னங்காலால் காதைப் போட்டுத் தேய்த்தது. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்று கேட்டிருக்கிறோம், அன்றைக்கு அந்த வேல் என் கையில் இருந்தது. இரண்டு வாரம் முடியும்போது அது குரைப்பதை நிறுத்தவில்லை, முன்பு பாய்வதற்கு முன்னால் உறுமுமே, அதைத்தான் நிறுத்தியிருந்தது. சத்தமே இல்லாமல் வேலியில் வந்து மோதியது. அன்று சாயங்காலமே கழற்றினேன்.

உறுமல் நின்றதை நல்லது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். உறுமல்தான் நாய் நமக்குக் கொடுக்கும் எச்சரிக்கை. உடம்பை விறைப்பது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, அப்புறம் உறுமுவது, பல்லைக் காட்டுவது, கடைசியில்தான் கடி. நடுவில் இருக்கிற படிகளுக்கெல்லாம் அடி கொடுத்தால் நாய் அந்தப் படிகளைத் தாண்டி நேராகக் கடிக்கே போய்விடும். அப்படிப்பட்ட நாயின் பக்கத்தில் குழந்தை போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் எப்போதும் சொல்வது ஒன்றுதான், "அடியாத மாடு படியாது". நாய் விஷயத்தில் அது பொய் என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவர்கள், நடத்தைப் பிரச்சினைக்காக அவர்களிடம் வந்த நாய்களின் சொந்தக்காரர்களைக் கேட்டு 2009 இல் வெளியிட்ட ஆய்வு அது. நாயை அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதம் பேரிடம் அந்த நாய் திருப்பி ஆக்ரோஷம் காட்டியிருந்தது. மல்லாத்திப் போட்டு அமுக்கினவர்களிடம் 31 சதவீதம், வெறுமனே முறைத்துப் பார்த்தவர்களிடமே 30 சதவீதம். சங்கிலியைப் பற்றியும் பழைய கணக்கு ஒன்று உண்டு, அதே நாட்டின் டென்வர் நகரில் செய்து 1994 இல் வெளியானது. கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டார்கள், கடித்தவை முற்றத்தில் சங்கிலியில் கட்டப்பட்டவையாக இருக்கும் வாய்ப்பு 2.8 மடங்கு அதிகமாக இருந்தது. எதனால் எது என்று அதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது, முரட்டு நாயைத்தான் கட்டிப்போடுகிறார்கள் என்றும் ஒருவர் சொல்லலாம். ஆனால் ஓடித் தப்பிக்க வழியில்லாத பிராணி சண்டைக்குத்தான் நிற்கும், நான் தினமும் வேலி வழியாகப் பார்த்தது அதைத்தான்.

சரி, கருவி இல்லாமல் என்ன செய்தேன்?

ஒரு நோட்டு போட்டேன். தேதி, நேரம், என்ன பார்த்தேன், அவ்வளவுதான். "கொடுமைப்படுத்தினார்" என்று எழுதவில்லை, "குழாய்த் துண்டால் முதுகில் மூன்று அடி, நாய் கத்தியது, பாத்திரத்தில் தண்ணீர் இல்லை" என்று எழுதினேன். என் வீட்டுப் பக்கம் நின்று எடுக்க முடிந்த வீடியோவை மட்டும் எடுத்தேன், அவர் இடத்துக்குள் கால் வைக்கவில்லை. கழுத்துப் பட்டைக்குக் கீழே முடி போய் ஈரமாக ஒரு புண் இருந்தது, அதைக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவ்வளவு நாள் அது கழுத்தை நீட்டி இழுத்துக் குரைத்ததெல்லாம் அந்தப் புண்ணோடுதான்.

அப்புறம் பேசினேன். முன்பு பேசினதெல்லாம் குரைப்பைப் பற்றிய புகார், அவரும் அதைக் கேட்டுவிட்டு உள்ளே போய் நாயை அடிப்பார், ஆக என் ஒவ்வொரு புகாருக்கும் அது அடி வாங்கியிருக்கிறது. இது எனக்குப் புரிய இவ்வளவு நாள் ஆனது. இந்தத் தடவை குரைப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

"அண்ணே, டைகர் கழுத்துல புண்ணு இருக்கு, பார்த்தீங்களா?"

"அது கிட்ட யாரு போறது? என்னையே கடிக்க வருது."

அவர் சொன்னதிலேயே விஷயம் இருந்தது. அவருக்கும் அதைக் கண்டு பயம். பயத்தில் அடிக்கிறார், அடியில் அது முரடாகிறது, முரடானதால் இன்னும் பயம். அதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது. ஆனால் பேசுவதற்கு ஒரு வாசல் கிடைத்தது. வலியில் இருக்கிற நாய் தொட்டால் கடிக்கத்தான் வரும், முதலில் மருத்துவர் பார்க்கட்டும் என்று சொன்னேன். பார்க்கலாம் என்றார், பார்க்கவில்லை. ஒரு வாரம் பொறுத்துவிட்டு, பிராணிகள் வதை பற்றிய புகாரைக் கவனிக்கிற அலுவலகத்துக்கு நோட்டின் நகலையும் வீடியோவையும் அனுப்பினேன். முதல் தடவை பதிலே இல்லை. மூன்றாவது தடவைதான் ஆள் வந்தார்கள். நீங்கள் புகார் கொடுத்தால் அதில் இரண்டு விஷயத்தையும் எழுதுங்கள், நாய்க்கு நடக்கிற கொடுமையையும், அது அவிழ்ந்து வந்தால் ஆட்களுக்கு இருக்கிற ஆபத்தையும். ஒன்றை மட்டும் எழுதினால், ஒன்று அக்கம்பக்கத்துச் சண்டை என்று ஒதுக்குவார்கள், இல்லாவிட்டால் நாயைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

செய்யக்கூடாதது என்று நான் நினைப்பதையும் சொல்லிவிடுகிறேன், இரண்டையுமே செய்யலாமா என்று நான் யோசித்ததுண்டு. ராத்திரியில் சங்கிலியை அவிழ்த்துவிடாதீர்கள், பயந்துபோன நாய் தெருவில் என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. வேலி வழியாகக் கையை நீட்டாதீர்கள், பாசமாகத் தடவ என்றாலும் சரி. எதிர்பாராமல் அது அவிழ்ந்து எதிரே வந்துவிட்டால் ஓட வேண்டாம், கண்ணை உற்றுப் பார்க்க வேண்டாம், கையை உடம்போடு வைத்து அசையாமல் நில்லுங்கள், பை இருந்தால் முன்னால் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பின்வாங்குங்கள். பல் பட்டுவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள். சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள், வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

வந்த அதிகாரி அவரைத் திட்டவில்லை, என்னென்ன மாற்ற வேண்டும் என்று எழுதிக் கையில் கொடுத்து, திரும்பி வந்து பார்ப்பேன் என்று தேதியும் போட்டார். மருத்துவர் வாய்மூடி போட்டுக் கழுத்தைப் பார்த்தார். சங்கிலி போய், சுற்றி வலை அடித்த ஒரு இடம் வந்தது, பாதிக்கு மேலே கூரை, கனமான கவிழாத பாத்திரம். என் பக்கம் வேலியில் பலகை அடித்தோம், செலவை இருவரும் பாதிப் பாதியாகப் போட்டோம். நான் நடப்பது கண்ணில் படாமல் போனதே குரைப்பில் பாதியைக் குறைத்தது. அந்தப் பெட்டியால் ஆகாததை நாலு பலகை செய்தது. அவர் வீட்டுப் பையன் ஒரு பயிற்சியாளரிடம் கேட்டு, தூரத்தில் நின்று தின்பண்டம் போடுவதில் ஆரம்பித்தான், இப்போது வாய்மூடியோடு காலையில் நடக்கக் கூட்டிப்போகிறான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பெரியவர் இன்னும் கத்துகிறார். கை ஓங்கியதை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை, ஆனால் நோட்டை மூடவும் இல்லை. புதியவர்களைக் கண்டால் டைகர் இன்னும் பாயத்தான் பார்க்கிறது.

கருவிக்கு வருகிறேன். உங்கள் சொந்த நாய்க்கு என்றாலும் நான் இதைச் சொல்ல மாட்டேன், ஏன் குரைக்கிறது என்று ஒரு மருத்துவரையோ நல்ல பயிற்சியாளரையோ பார்க்கச் சொல்வேன். வீட்டில் பூனை இருந்தால் கட்டாயம் வேண்டாம், பூனைக்கு நாயைவிடவும் உயர்ந்த ஒலி கேட்கும். என் பூனை அந்த இரண்டு வாரமும் வேலிப் பக்கத்து ஜன்னலில் ஏறவே இல்லை, கழற்றிய பிறகுதான் அது ஏன் என்று எனக்குப் புரிந்தது. அடிவாங்குகிற, கட்டிக்கிடக்கிற நாயின் எதிரே மட்டும் இதைத் தயவுசெய்து மாட்டாதீர்கள்.

விற்றவர்கள் திருப்பி எடுத்துக்கொண்டார்கள், காரணம் கேட்டு ஒரு படிவம் வந்தது. "கருவி பழுதா?" என்ற கேள்விக்கு இல்லை என்று போட்டுவிட்டு, கீழே இருந்த இடத்தில் சங்கிலியின் நீளத்தை எழுதி அனுப்பினேன்.